கார் ஷெட் சுவரில் பிளைவுட் அடித்துக் கருவிகளை மாட்டுவது எப்படி?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஒரு பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. அதில் 8க்கு 4 பிளைவுட் ஒன்றை அடித்து, சுத்தியல், ஸ்பேனர், டிரில் மெஷின், தோட்டத்துச் சாமான் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும் என்கிறார். பலகையைச் சுவரோடு ஒட்டி அடிப்பதா, இடைவெளி விட்டு அடிப்பதா? துளையைச் செங்கல்லில் போடுவதா, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள கலவையிலா? என்ன தடிமன் வாங்குவது? நேராகச் சுவரில் வைத்து நாலு கான்கிரீட் ஆணி அடித்தால் போதும் என்று ஆசாரி சொல்கிறாராம்.

ஆசாரி சொன்னபடி மட்டும் செய்யாதீர்கள். முதலில் சுவரில் ரீப்பர் என்கிற மெல்லிய நீளக் கட்டைகளை நெட்டுக்குத்தாக அடியுங்கள், அதன்மேல் பிளைவுட்டைப் பூட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் காற்று ஓட வேண்டும். துளை செங்கல்லில். தடிமன் 18 மி.மீ. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் உங்கள் சுவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

என் முதல் பலகையை நானும் சுவரோடு ஒட்டித்தான் அடித்தேன். மழைச்சாரல் நேராக அடிக்கிற வெளிச்சுவர் அது. முன்பக்கம் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை போனது. மூன்றாம் வருடம் ஒரு கொக்கியை மாற்றலாம் என்று ஸ்க்ரூவைக் கழற்றினால், அது மரத்தூளோடு கையில் வந்தது. பலகையை இறக்கிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, கீழ் ஓரத்தில் அடுக்குகள் புத்தகத் தாள் மாதிரி பிரிந்து கிடந்தன. முன்னால் நின்று பார்த்தால் ஒரு அறிகுறியும் இல்லை. செங்கல் தண்ணீரை உறிஞ்சும், மெதுவாக வெளியே விடும். அது வெளியேறும் பக்கத்தை நாம் பலகையால் அடைத்துவிட்டால், அந்த ஈரம் முழுவதையும் பலகைதான் குடிக்கும்.

அதனால் டிரில்லை எடுப்பதற்கு முன் சுவரைச் சோதியுங்கள். ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம், அவ்வளவு பயமில்லை. அடிச்சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பூச்சு தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்டாலோ, தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். காவிரிப் படுகைக் களிமண்ணில் கட்டிய வீடுகளில் இது சகஜம். ஓதம் ஏறுகிற உயரத்துக்கு மேலேதான் பலகை தொடங்க வேண்டும். பொதுவாகத் தரையிலிருந்து 2 அடி விடச் சொல்வேன். கீழே 2 அடியில் எப்படியும் கடப்பாறையும் மண்வெட்டியும்தான் நிற்கப்போகின்றன.

அடுத்து பிளைவுட். கடையில் 'வாட்டர் ப்ரூஃப்', 'மெரைன்' என்று வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது. ஐ.எஸ். 710 என்பதுதான் மெரைன். முக்கியமான வித்தியாசம் பசையில் இருக்கிறது. சாதாரண எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுகிறார்கள், தொடர்ந்து ஈரம் பட்டால் அது விட்டுக்கொடுத்துவிடும். 710க்குப் போடுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. அந்த ரகத்தின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, அடுக்கு பிரிகிறதா என்று சோதிப்பது தர விதியிலேயே இருக்கிறது. மர அடுக்குகளுக்குப் பூச்சி அரிக்காத மருந்தும் ஏற்றியிருப்பார்கள். உள்சுவராக, உலர்ந்த இடமாக இருந்தால் 303 போதும். உங்களுடையது டெல்டாவில் வெளிச்சுவர், 710 வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு ஷீட் தானே. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பக்கமே போக வேண்டாம்.

18 மி.மீ. ஏன் என்றால், பலகை வளையாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. நாளைக்கு எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒரு கொக்கியைத் திருக வேண்டும், அது பிடித்து நிற்க மரம் வேண்டும். 12 மி.மீ. பலகையில் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கிற பிடி குறைவு. இரண்டு முறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும்.

முழு ஷீட்டாக மாட்டாமல் 4க்கு 4 என்று இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 18 மி.மீ. முழு ஷீட் சுமார் 35 கிலோ இருக்கும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்க்ரூ போடுவது இரண்டு ஆளுக்கே சிரமம். பாதியாக இருந்தால் ஒருவர் தாங்க, ஒருவர் பூட்டலாம். வெட்டிய ஓரங்களில்தான் தண்ணீர் வேகமாக ஏறும். அதனால் ஓரம் நாலுக்கும் வுட் பிரைமர் இரண்டு கை, முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் பிரைமரும் பெயின்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, பலகை வில் மாதிரி வளையும். இதையெல்லாம் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் பின்பக்கம் கை போகாது.

இப்போது ரீப்பர். 2க்கு 1 கட்டை, நல்ல உலர்ந்த மரமாக, 4 அடி நீளத்தில் ஆறு. மரக்கடையில் வாங்கும்போது நீளவாக்கில் கண்ணருகே வைத்துப் பாருங்கள், முறுக்கு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கரையான் தொல்லை அதிகமுள்ள மனை என்றால் மரத்துக்குப் பதிலாக ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்கொயர் டியூப் போடலாம், அதில் பிளைவுட்டைப் பூட்ட செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வேண்டியிருக்கும். ஒவ்வொரு 4 அடிப் பலகைக்கும் மூன்று ரீப்பர்: இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் ஒன்று. எல்லாம் நெட்டுக்குத்தாகவே இருக்கட்டும். படுக்கையாக அடித்தால் காற்று மேலே ஏற முடியாது, தூசியும் சொட்டும் நீரும் ஒவ்வொரு கட்டையின் தலையிலும் தங்கும். நெட்டுக்குத்தாக இருந்தால் கீழே புகுந்த காற்று புகைபோக்கி மாதிரி மேலே போய்விடும். மேலேயும் கீழேயும் சட்டம் வைத்து அடைக்காதீர்கள், பார்க்க அழகாக இருந்தாலும்.

பலர் கேட்கிற சந்தேகம்: பழைய நாட்டுச் செங்கல் இந்தக் கனத்தைத் தாங்குமா? தாராளமாகத் தாங்கும். அதற்குப் பலகைதான் காரணம், கொஞ்சம் கணக்குப் பார்த்தால் புரியும். 30 செ.மீ. ஆழமுள்ள ஒரு தட்டை, 20 செ.மீ. உயர பிராக்கெட் வைத்து நேராகச் சுவரில் மாட்டி, 40 கிலோ ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். சுமையின் நடு சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. அப்போது மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்குகிற இழுவை 40 பெருக்கல் 15 வகுத்தல் 20, அதாவது 30 கிலோ. அது இரண்டே இரண்டு பிளக்கின், அதாவது ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் சொருகும் சின்னக் குழாயின், மேல் விழுகிறது. இதே தட்டைப் பலகையில் மாட்டினால், சுவரைப் பொறுத்தவரை பிராக்கெட்டின் உயரம் 20 செ.மீ. இல்லை, பலகையின் அடியிலிருந்து மேல்வரிசை ஸ்க்ரூ வரையுள்ள 110 செ.மீ. சொச்சம். ரீப்பர் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மேல்வரிசை முழுவதற்கும் விழுகிற இழுவை ஏறக்குறைய 7 கிலோதான், அதையும் பல ஸ்க்ரூக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழ்நோக்கிய கனமும் அப்படியே. பலகை, கட்டை, கருவி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றாலும், ஆறு ரீப்பரில் நாலு நாலாக 24 ஸ்க்ரூ போட்டால் ஒன்றுக்கு 4 கிலோ சொச்சம். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகச் சுவரைக் குத்திக் கெடுப்பதைவிட, ஒருமுறை ஒழுங்காகப் பலகை அடிப்பது சுவருக்கே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

துளைக்கு வருவோம். பூச்சுக்கு உள்ளே எது கல், எது கலவை என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிரில் போடும்போது வருகிற தூள் சொல்லிவிடும். முதல் 12 முதல் 15 மி.மீ. வரை சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பாக மாறினால் செங்கல்லில் இருக்கிறீர்கள், தொடருங்கள். சாம்பல் நிறமாகவே போய்க்கொண்டிருந்தால் அல்லது பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு கல்லுக்கு நடுவில் விழுந்திருக்கிறது. அந்தத் துளையை விட்டுவிட்டு ரீப்பரின் நீளத்திலேயே ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ நகருங்கள். நாட்டுச் செங்கல் வரிசை ஒன்றின் உயரம் கலவையோடு சேர்த்து ஏறக்குறைய மூன்றரை அங்குலம் என்பதால், கொஞ்சம் நகர்ந்தாலே கல் கிடைத்துவிடும். வெள்ளைத் தூள் வந்தால் பழைய சுண்ணாம்புக் கட்டு. அதில் இணைப்புகள் மிருதுவாக இருக்கும், கண்டிப்பாகக் கல்லைத் தேடித்தான் போட வேண்டும்.

பூச்சு இல்லாத செங்கல் சுவர் என்றால் கலவையில் துளை போடச் சொல்கிறவர்கள் உண்டு. பிற்பாடு அடைப்பது சுலபம், கல் கெடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், ஒரு படம் மாட்டுவதற்கு நானும் அப்படித்தான் செய்வேன். கருவிப் பலகைக்கு வேண்டாம்.

அளவுகள்: 8 மி.மீ. மேசன்ரி பிட், 8 மி.மீ.க்கு 50 மி.மீ. நைலான் பிளக், 5 மி.மீ. கனத்தில் 4 அங்குல ஸ்க்ரூ. ஏன் இவ்வளவு நீளம் என்றால் 25 மி.மீ. கட்டைக்குப் போகிறது, 15 மி.மீ. பூச்சுக்குப் போகிறது, பிளக்கின் 50 மி.மீ. முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். பலர் செய்கிற தவறு, பிளக்கைப் பூச்சின் முகத்தோடு சமமாக நிறுத்திவிடுவது. பாதிப் பிளக் பூச்சில் விரிந்து, பூச்சையே உடைத்துக்கொண்டு வரும். ஒரு நீள ஆணியை வைத்துத் தட்டி, பிளக்கைப் பூச்சு தாண்டி உள்ளே தள்ளுங்கள். துளை ஆழம் 80 மி.மீ. பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டால் போதும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் இந்த டேப் ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் மறுபக்கப் பூச்சு பெயர்ந்து விழும். ஹேமர் விசையைப் பூச்சைத் தாண்டும்வரை போடாதீர்கள். மிருதுவான கல் என்றால் ஹேமரே வேண்டாம், சும்மா சுற்றினாலே இறங்கும், துளையும் வாய் பெருக்காது. தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக் போட வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், செங்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிளக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டு மாட்ட, உளியால் சுவரில் சதுரக் குழி வெட்டி, மரக்கட்டையை அடித்து இறக்கி, சுற்றிச் சிமென்ட் பூசுவார்கள். கட்டை சுருங்கினால் ஆடும், கரையான் வந்தால் போயே போச்சு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவர்களில் மின்சாதனங்களை மாட்டுகிற வேலையை எடுத்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர், சுவரை அப்படிக் குடையக் கூடாது என்று, சணல் நாரால் ஒரு சின்னக் குழாய் செய்தார். 1911இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் 'ரால் பிளக்' என்று கேட்கிறோமே, அது அவர் பெயர்தான். இன்று நாம் போடுகிற நைலான் பிளக்கை 1958இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினார். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான்: ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை அமுக்கிப் பிடிக்கும். துளை பெரிதாகிவிட்டால் அந்த அமுக்கம் போய்விடும். தீக்குச்சி சொருகிச் சமாளிக்காதீர்கள், இடம் மாற்றித் துளையுங்கள்.

இரும்பு ஆங்கர் போல்ட் போட்டால் இன்னும் பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. கான்கிரீட்டுக்கு அது சரி. செங்கல்லில், முக்கியமாகக் கல்லின் ஓரத்தில், அதை முறுக்கினால் கல் பிளந்துவிடும்.

ஜிப்சம் வேலைக்கு வருகிற கறுப்பு ஸ்க்ரூவை நம் ஊரில் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். அது கடினமானது, ஆனால் வளையாது, பக்கவாட்டுக் கனம் விழுந்தால் தலை பட்டென்று தெறித்துவிடும், மழைக்காலத்தில் துருவும் பிடிக்கும். கனம் தாங்குகிற இடத்தில் அதைப் போடவே கூடாது. துத்தநாகப் பூச்சு உள்ள மர ஸ்க்ரூ வாங்குங்கள். தரங்கம்பாடி, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர் என்றால் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு).

உங்கள் சுவர் வேறு மாதிரி இருந்தால்: ஹாலோ பிளாக் என்றால் உள்ளே வெற்றிடம், அதற்கென்று உள்ளே மடங்கிப் பிடிக்கிற பிளக் கேட்டு வாங்க வேண்டும். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு என்றால் 3 அங்குலத்தில் கல் முடிந்துவிடும், 50 மி.மீ. பிளக்குக்கு அது போதும், அதைவிட ஆழமாகப் போகாதீர்கள். வழியில் கான்கிரீட் தூண் வந்தால் அதில் போடும் பிடிதான் இருப்பதிலேயே உறுதி. கம்பி தட்டினால் நிறுத்திவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். எந்தச் சுவராக இருந்தாலும் சுவிட்ச் பெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், குழாய் ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்கக் கூடாது. மின்கம்பி போகிற கன்டியூட் பைப் பெரும்பாலும் அங்கேதான் நெட்டுக்குத்தாக ஓடும்.

மட்டம் பார்ப்பதில் சோம்பல் வேண்டாம். 8 அடி தூரத்துக்குச் சின்ன ரசமட்டம் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்தால் கோடு தானாகக் கிடைக்கும். முதலில் இரு ஓர ரீப்பர்களைத் தூக்குக்குண்டு பார்த்து அடித்து, இடையே நூல் கட்டுங்கள். நடுவில் உள்ள கட்டைகள் நூலைத் தொடும்படி இருக்க வேண்டும். சுவர் உள்வாங்கிய இடத்தில் கட்டைக்குப் பின்னால் பிளைவுட் சில்லு வைத்துச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் பலகையை இறுக்கினால் அது சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும். பலகை ஏற்றும்போது கீழே செங்கல் அடுக்கி அதன்மேல் உட்காரவைத்தால் கை வலிக்காது. ஸ்க்ரூ போடுவதற்கு முன் பலகையில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், ஓரம் பிளக்காது.

எதை எங்கே மாட்டுவது என்பது உங்கள் வசதி. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். கனமான தட்டு, பெரிய கொக்கி எல்லாம் ரீப்பர் வருகிற கோட்டில் போடுங்கள், அதற்காகப் பலகையின் மேல் ஓரத்தில் ரீப்பர் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். அரிவாள், ரம்பம், ஆக்சா பிளேடு ஆகியவை குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், கூர் சுவர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். கார் உள்ளே நிற்கும்போது கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் தட்டின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். பென்ச் வைஸை மட்டும் இந்தப் பலகையில் மாட்டாதீர்கள். அதில் பிடித்து முறுக்கும்போதும் தட்டும்போதும் வருகிற ஆட்டம் எல்லா பிளக்கையும் தளர்த்திவிடும், அதற்கு மேசைதான்.

பின்னால் விட்ட அந்த ஒரு அங்குல இடைவெளியில் பல்லியும் கரப்பானும் குடியேறும், குளவி மண்கூடு கட்டும். மேலும் கீழும் கொசுவலைக் கம்பியை வெட்டி ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் காற்று போகும், பூச்சி போகாது. கரையானுக்கு வலை ஒரு தடையில்லை. ஆனால் அது சுவரோடு மண்கோடு போட்டுக்கொண்டுதான் ஏறும், இடைவெளி இருப்பதால் கண்ணில் படும். ஒட்டி அடித்த பலகையில் படவே படாது. வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்குக் கருவிகளை இறக்கித் துடைக்கிறோம் இல்லையா, அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிற நேரம். பலகை காலியாக இருக்கும்போதே கீழிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்குங்கள். மண்கோடு தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பாதிப் பலகையை மட்டும் கழற்றி, சுவருக்கும் கட்டைக்கும் மருந்து அடித்துவிட்டு மறுபடி பூட்டலாம். அப்படிக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ரீப்பருக்கும் பலகைக்கும் நடுவே ஃபெவிகால் தடவ ஆசாரி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.